வெட்டிய பதினொரு வரி

"எங்க மாடிக்கு யாரோ லிஃப்ட்ல வந்துட்டு வந்துட்டுப் போறாங்கடி. மணி அடிக்குது, கதவு தெறக்குது, எட்டிப் பாத்தா ஆளே இல்ல."

கணவர் இறந்து மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, எதுவும் சொல்லாதவள் மாதிரி புரூஃபைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அக்கா அப்படிப் பேசுகிறவள் இல்லை. கற்பனை என்பதே அவளுக்கு ஆகாது.

காதல் நாவல் போடும் பதிப்பகத்தில் கற்பனை ஆகாத ஒருத்தி இருபது வருஷம் எப்படிக் குப்பை கொட்டினாள் என்று கேட்பீர்கள். எங்கள் பதிப்பகம் மாதம் இரண்டு நாவல் போடும். நான் பக்கங்களை வடிவமைக்கிறவள். வயதில் மூத்தவள் என்பதால் நான் அக்கா என்று கூப்பிடுகிற இவள் புரூஃப் பார்க்கிறவள். எங்கள் மேஜைகள் எதிரும் புதிருமாக இருக்கும், நடுவில் ஒரு மின்விசிறி. அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பக்கத்தையும் மேலிருந்து கீழே படிக்க மாட்டாள். கடைசி வரியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவாள். கதைக்குள் போய்விட்டால் பிழை கண்ணில் படாது என்பது அவள் கட்சி.

"ஐநூறு காதல் கதை திருத்தியிருக்கேன். ஒண்ணைக்கூடப் படிச்சதில்ல" என்று பெருமையாகச் சொல்வாள்.

இன்னொரு வேலையும் அவள் பொறுப்புதான். அச்சடிக்கும் தாளில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். எட்டு ஃபாரம் என்றால் நூற்று இருபத்தெட்டு பக்கம். அதற்கு மேல் நாலு வரி தொங்கினாலும் முதலாளிக்கு மூச்சு நின்றுவிடும். தொங்குகிற வரியை எங்கேயாவது வெட்டிச் சரிக்கட்டுவது அக்கா. அதனால் முதலாளி அவளுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். எழுதுகிறவர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. அவளோ எழுதுகிறவர்களை மனிதர்களாகவே எண்ணுவதில்லை.

அவளுடைய கல்யாணக் கதையை மட்டும் நாவலாகப் போட்டிருந்தால் எங்கள் வாசகிகள் நம்பியிருக்க மாட்டார்கள். ஒருநாள் எங்கள் அலுவலக லிஃப்டில் அக்கா மாட்டிக்கொண்டாள். நாற்பது நிமிஷம். வெளியே நின்று கதவைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக், உள்ளே இருப்பவள் பயந்துவிடக் கூடாதென்று பேச்சுக் கொடுத்தார். அவர் வீடு தேடிக்கொண்டிருந்தார், இவளும் தேடிக்கொண்டிருந்தாள். அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தில் நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு காலியாக இருந்தது. ஆனால் தம்பதிக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் வயது நாற்பதைத் தொட்டிருந்தது, இரண்டு பேருக்கும் கேட்க ஆள் இல்லை. கதவு முழுதாகத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு ஒரு ஒப்பந்தத் தாள் வேறு. மூன்று வருஷத்துக்கு. சமையலறையில் மேல் தட்டு அவளுக்கு, கீழ்த் தட்டு அவருக்கு. உள்ளறை அவளுக்கு, கூடம் அவருக்கு. ஒருவர் விஷயத்தில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை. பிஸ்கட் டப்பாவில் அந்தத் தாள் இருந்தது. மூன்று வருஷம் முடிந்ததும் வீட்டு வாடகைப் பத்திரம் மாதிரி அதைப் புதுப்பித்தார்கள். பிறகு இன்னொரு தடவையும், அதற்குப் பிறகு இன்னொரு தடவையும். பதினொரு வருஷமும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோராவது வருஷம் ஒரு காலைப் பொழுதில், வேறொரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் இயந்திர அறைக்குப் போகும் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

"அழுதியாக்கா?" என்று கேட்டேன்.

"அழுறதுக்கு எனக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரியலடி" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை அவருடைய தங்கை வந்து அவர் சாமான்களை எடுத்துப் போவதாக இருந்தது. எடுத்துக் கட்டிவைக்க உதவி வேண்டும் என்று நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன்.

சமையலறைக் கீழ்த் தட்டில் அவருடைய டம்ளர் கவிழ்த்துவைத்தபடி இருந்தது. குளியலறையில் இரண்டு சோப்பு டப்பா. கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி, ஒன்றில் மட்டும் துண்டு. எல்லாம் இரண்டிரண்டாக இருந்த வீட்டில் ஒன்று மட்டும் புழக்கத்தில் இருப்பதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. நாங்கள் வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். பகல் மூன்று மணி. கட்டடமே தூங்கிக்கொண்டிருந்தது.

கீழே எங்கேயோ கரகரவென்று சத்தம். கம்பிவடம் இழுபடும் சத்தம். அது மெல்ல மேலே ஏறி வந்தது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே மணி அடித்தது. கதவு இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே விளக்கு எரிந்தது, கண்ணாடியில் எங்கள் வாசலும் டம்ளரும் கையுமாக நாங்களும் தெரிந்தோம். வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம், யாரோ இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், கதவு திறந்தே இருந்தது. பிறகு மூடியது. லிஃப்ட் கீழே போகவில்லை. மேலே எரிந்த '4' மாறவே இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா?" என்றாள். பயந்த குரல் இல்லை அது. விருந்தாளியை அறிமுகப்படுத்துகிற குரல். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவர் இருக்கும்போது இப்படி வந்ததில்லையா?"

"லிஃப்ட் எப்பவும் நம்ம மாடியிலதான் நிக்கும். நான் வெளிய வந்தா தயாரா இருக்கும். நல்ல லிஃப்ட்டுன்னு நெனச்சுக்குவேன். அவர் இருந்தா ரேடியோ ஓடும், ஏதாவது தட்டிக்கிட்டே இருப்பாரு. இந்த மணிச் சத்தம் காதுலயே விழுந்ததில்ல. இப்போ வீட்ல சத்தமே இல்லையா, ஒவ்வொரு தடவையும் கேக்குது." மூடிய லிஃப்ட் கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்கிட்ட ஏதோ கேக்க வர்றாருடி. என்னன்னுதான் தெரியல."

உளறாதே என்று அதட்டிவிட்டு வேலையில் இறங்கினேன். அவருடைய கருவி அலமாரியைக் காலி செய்தோம். ஸ்பானர், மல்டிமீட்டர், எண்ணெய்ப் புட்டி, பழைய கையுறை. அடியில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு கட்டு. அதைத் தூக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நூல் முடிச்சு என்னுடையது. எழுதியவர்களுக்கு அனுப்பும் பத்துப் பிரதிகளை எங்கள் அலுவலகத்தில் நான்தான் கட்டுவேன். இடது பக்கம் ஒரு சுருக்கு விட்டு முடிச்சுப் போடுவது உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று முதலாளி கேலி செய்வார். முடிச்சு அவிழாமல், ஓரத்தைக் கிழித்து ஒரு பிரதி மட்டும் உருவப்பட்டிருந்தது. உருவிய பிரதி மேலேயே கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் இயந்திர எண்ணெய்க் கறையோடு ஒரு கட்டைவிரல் ரேகை.

அந்த நாவலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் போட்டது. அட்டையில் இருந்தது ஒரு பெண் பெயர், ஆனால் அந்த அம்மையாரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தட்டச்சு செய்த கோப்பு மின்னஞ்சலில் வந்தது, பிரதிகள் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போயின. வசதிக்காகச் செய்துகொண்ட கல்யாணம்தான் கதை. நாயகனுக்குப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் சொந்தம், ஆனால் தாத்தா உயிலில் கல்யாணம் ஆனால்தான் சொத்து என்று எழுதிவைத்துவிட்டார். நாயகி மருந்துக்கடையில் மாத்திரை அட்டை வெட்டிக் கொடுப்பவள், தங்குவதற்கு இடம் வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தம். எங்கள் கதைகளில் வழக்கமாக மழையில் நனைவார்கள், காய்ச்சல் வரும், நாயகன் ராத்திரி முழுக்க விழித்திருப்பான். இதில் அப்படி ஒன்றுமே நடக்காது. அவன் அவள் செருப்பைத் தைத்துவைப்பான். அவள் அவன் சட்டைப் பொத்தானைத் தைப்பாள். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கம் வடிவமைக்கும்போது, "இதுங்க ரெண்டையும் ஒரு அறையில போட்டுப் பூட்டணும்" என்று நான் எரிச்சல்பட்டது உண்டு.

அக்கா அந்தப் பிரதியை வாங்கி, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பிறகு நிறுத்தி, முதல் பக்கத்தைத் திருப்பினாள். மேலிருந்து கீழே படிக்க ஆரம்பித்தாள். நான் பார்த்து அவள் அப்படிப் படித்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது பக்கத்தில், மேல் தட்டு நாயகிக்கு, கீழ்த் தட்டு நாயகனுக்கு என்று இருந்த இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"நான் இதுல வெட்டினேன்" என்றாள். "முடிவுலதான் வெட்டினேன். எத்தனை வரி?"

எனக்குத் தெரியும். பதினொன்று. எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை இவ்வளவு நாள் விழுங்கிக்கொண்டிருந்ததே போதும். கடைசிப் பக்கத்துக்கு மேல் பதினொரு வரி தொங்கியது. நான் அதைப் படித்தேன். படித்து, பணக்காரத் திமிரைப் பார் என்று சிரித்தேன். அந்த ஃபாரத்தில் முதலாளியின் விளம்பரம் ஒரு முழுப் பக்கம் இருந்தது. மாடி ஏறிப் போய் அந்த விளம்பரத்தை எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதினொரு வரியும் உள்ளே வந்திருக்கும். அன்று முதலாளி கடுகடுவென்று இருந்தார், எனக்கு ஏறிப் போகச் சோம்பல். "அக்கா, பதினொரு வரி தொங்குது, வெட்டிக் குடு" என்று தாளை நீட்டினேன். அவள் கீழிருந்து மேலாக எண்ணி, பதினோராவது வரிக்கு மேலே ஒரு கோடு போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அன்னிக்குச் சாயங்காலம் அவர்கிட்ட சொன்னேன்டி" என்றாள். "நானா ஆபீஸ் கதை பேச மாட்டேன். அன்னிக்கு ஏனோ பேசினேன். டீ குடிக்கும்போது, 'இன்னிக்கு ஒரு கதையில முடிவை வெட்டிப்புட்டேன், வழவழன்னு இழுத்துக்கிட்டே போச்சு'ன்னேன். எந்தக் கதைன்னு கேட்டாரு. பேரைச் சொன்னேன். டீயை முழுசாக் குடிச்சு முடிச்சாரு. அப்புறம், 'தேவையில்லாததுன்னா வெட்டத்தானே வேணும்'னாரு. டம்ளரைக் கழுவி வச்சாரு."

"நீ கீழேயிருந்து படிக்கிறவன்னு அவருக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லையே. மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதியிருக்கே, அவரும் கேட்டதில்ல." அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "ரெண்டு வாரம் கழிச்சு மூணு வருஷம் முடிஞ்சுது. தாளை எடுத்துக்கிட்டு வந்தாரு. இதைக் கிழிச்சுப் போட்டுருவாருன்னு நெனச்சேன்டி. மனசுக்குள்ள கிழிக்கணும் கிழிக்கணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். 'புதுப்பிச்சுக்கலாமா?'ன்னாரு. 'வசதியாத்தானே இருக்கு, புதுப்பிச்சுக்கலாம்'னு சொல்லித் தொலைச்சேன்."

அப்போதுதான் அழுதாள். இத்தனை நாளாகக் கட்டிவைத்திருந்தது எல்லாம் வந்தது. நடுவில் வெளியே மறுபடியும் மணி அடித்தது, கதவு திறந்தது, மூடியது. இந்த முறை இரண்டு பேரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அந்தப் பதினொரு வரி எனக்கு வேணும்" என்றாள் கடைசியில். "என்ன கேட்டாருன்னு தெரியாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது."

வாய்ச்சொல்லாக நான் சொல்லியிருக்க முடியும், அரைகுறையாக. லிஃப்ட் என்று ஏதோ வரும் என்பது மட்டும் நினைவில் இடறியது. ஆனால் அரைகுறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தடவை அவருடைய வார்த்தையை நாங்கள் வெட்டக் கூடாது என்று தோன்றியது.

எட்டு வருஷத்தில் அலுவலகக் கணினி இரண்டு தடவை மாறிவிட்டது. பழைய கோப்புகள் இருக்கும் கணினிப் பெட்டி ஒன்று கிடங்கில், விற்காத புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கு நின்றேன். அது உயிர் வராமல் அடம்பிடித்தது. அந்த இரண்டு நாளும் அக்கா எதிர் மேஜையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி. மூன்றாம் நாள் பிற்பகல் கோப்பு திறந்தது. வெட்டாத பிரதி. கடைசிப் பக்கத்தை அச்சடித்து அவள் கையில் கொடுத்தேன். அச்சான புத்தகம், "அவன் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தான்" என்பதோடு முடிந்துவிடும். முடிவை வாசகர்கள் கையில் விட்டுவிட்டார் என்று மெச்சிக் கடிதங்கள்கூட வந்தன. நாங்கள் சிரித்தோம். அந்த வரிக்குக் கீழே இருந்தது இதுதான்:

'இந்த லிஃப்ட் ஏன் எப்போதும் உன் மாடியிலேயே நிற்கிறது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை' என்றான். 'உனக்கு முழங்கால் வலி. நீ காத்து நிற்கக் கூடாது என்று முதல் வாரமே நான்தான் அப்படி வைத்தேன். சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தாளில் எழுதியது இந்த மாதத்தோடு முடிகிறது. இனிமேல் எழுதாமல் இருந்து பார்க்கலாமா? நான் இருக்கட்டுமா? உடனே சொல்ல வேண்டாம். யோசித்துச் சொல். நீ சொல்லாமலே போனாலும் பரவாயில்லை, லிஃப்ட் அங்கேதான் நிற்கும்.'

அக்கா மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கு முழங்கால் வலி என்பது அலுவலகத்தில் எனக்கே தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லையாம். பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார் மனிதர்.

அந்த வாரமே கட்டடத்துக்காரர்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், இந்த லிஃப்ட் ஆளில்லாமல் மேலே போய்ப் போய் உட்கார்ந்துகொள்கிறது, கீழே நிற்கிறவர்கள் என்ன இளிச்சவாயர்களா என்று புகார் எழுதிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் புது மெக்கானிக் வந்தார், தொப்பை வைத்த, நிதானமான ஆள். அக்கா எனக்கு போன் செய்தாள், நான் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். அவர் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கோளாறெல்லாம் இல்லம்மா. அஞ்சு நிமிஷம் யாரும் கூப்பிடலன்னா தானா நாலாவது மாடிக்கு வந்து, ஒரு தடவை கதவைத் தெறந்து மூடிட்டு, அங்கேயே நிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. பொதுவா கீழ்த்தளத்துலதான் வைப்போம். இது யார் வச்சதுன்னு தெரியல, பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதி காட்டுது."

"மாத்தத்தான் வேணுமா?" என்று நான் குறுக்கே புகுந்தேன். சண்டை போட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மாத்திடுங்க" என்றாள் அவரிடம். "கீழ இருக்கறவங்களுக்கும் கஷ்டம்தானே. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் மாத்திடுங்க."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பெட்டியைச் சாத்திவிட்டு, பீடி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி மொட்டை மாடிக்குப் போய்விட்டார். யாரோ லிஃப்டைக் கீழே கூப்பிட்டார்கள். அது போனது. நாங்கள் வாசலில் நின்றோம். அக்கா உள்ளே போய் முகம் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் கேலி செய்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கீழே கரகரவென்று சத்தம் கிளம்பியது. இரண்டாவது மாடி. மூன்றாவது. எப்படி இயங்குகிறது என்று விளக்கமாகக் கேட்ட பிறகும், அதற்குள் யாரோ நின்றுகொண்டு வருகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்று யோசித்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. மணி அடித்தது. கதவு விலகியது. விளக்கு, கண்ணாடி, வெறும் தரை.

அக்கா ஒரு எட்டு முன்னால் போனாள்.

"இருங்க" என்றாள்.

எட்டு வருஷம் தாமதமான பதில் அது. பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தது, பிறகு மூடியது. லிஃப்ட் கீழே போகவில்லை. இரண்டு பேரும் அந்த '4' என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம், மெக்கானிக் இறங்கி வரும்வரைக்கும்.

இப்போது லிஃப்ட் மற்ற கட்டடங்களில் போலத் தரைத்தளத்தில் நிற்கிறது. அக்கா பொத்தானை அழுத்திவிட்டு, வலிக்கிற காலைக் கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டு, அது வரும்வரை காத்து நிற்கிறாள்.